முடைந்த படமும் கரிசல் பூமியும்

கரிசல் பூமியைப் போட்டோப் படத்தில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றமே அடைகிறார்கள். குற்றாலத்தைப் படம் பிடித்தால் அருவி விழுகிறது. கன்னியாகுமரியைப் படம் பிடித்தால் கடல் பொங்குகிறது. ஓட்டப்பிடாரத்தைப் படம் பிடித்தாலோ, கீழே பாதி கறுப்பு. மேலே பாதி வெளுப்பு. நடுவே ஒரு கோடு. கோட்டின்மேல் இரண்டு பனைமரம். "இதிலே என்ன இருக்கிறது?" என்று பட்டணத்து உறவினர் கேட்டுவிட்டால், ஊர்க்காரருக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. ஏதோ இருக்கிறது என்பது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

குற்றம் ஊரினுடையது அன்று, படத்தினுடையது. போட்டோப் பெட்டிக்கு ஒரே கண். அந்தக் கண்ணும் ஒரு க்ஷணந்தான் திறந்து மூடுகிறது. கரிசலோ ஒரு க்ஷணத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளும் பூமி அல்ல. வடகிழக்குப் பருவமழை பெய்யும் கார்த்திகை மாதத்தில் கோவில்பட்டியிலிருந்து கிழக்கே வந்து பாருங்கள். கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைக் கம்பளம் விரித்திருக்கும். காலை வைத்தால் களிமண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அதே இடத்துக்கு வைகாசியில் வந்து பாருங்கள். பச்சை என்ற வார்த்தையே அங்கே பொய்யாகத் தோன்றும். மழையில் உப்பிய மண், வெயிலில் சுருங்கி, பாளம் பாளமாய் வெடித்து, குழந்தையின் கால் உள்ளே போகும்படி வாய் பிளந்து கிடக்கும். இந்த வெடிப்பைக் கண்டு வெளியூர்க்காரர் இரக்கப்படுவார். சம்சாரிக்கோ அது மண்ணின் சுபாவம். உப்புவதும் வெடிப்பதும் ஒரே குணத்தின் இரண்டு பக்கங்கள் என்பது அவருக்குத் தெரியும். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அந்தக் குணந்தான், மானாவாரி நிலத்தில் பருத்தியை விளைவிக்கிறது.

இரண்டு முகங்களையும் ஒரே படத்தில் காட்ட வழி உண்டா? உண்டு. அதுதான் இந்த வாரம் நாம் சொல்ல வந்த விஷயம்.

படத்தை நறுக்கிப் பாய் முடைவது போல முடைவது என்று ஒரு கலை இருக்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு படங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றை நெடுக்குக் கீற்றுகளாகவும், மற்றொன்றைக் குறுக்குக் கீற்றுகளாகவும் கத்தரித்து, முன்னதைப் பாவாகவும் பின்னதை ஊடையாகவும் வைத்து, மேலும் கீழுமாகக் கோத்துக்கொண்டு போவார்கள். முடிந்த பிறகு கிட்ட நின்று பார்த்தால் சின்னச் சின்னக் கட்டங்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டு காட்சிகளும் ஒன்றுக்குள் ஒன்று மூச்சு விடுவது போல் தோன்றும். கண் ஒரு காட்சியைப் பிடிக்கும்போது மற்றது நழுவும். அதைப் பிடிக்கப்போனால் இது நழுவும்.

இதை 'நெய்தல்' என்று சொல்லலாம். ஆனால் நம் பாஷையில் இன்னும் பொருத்தமான சொல் இருக்கிறது. தறியில்லாமல், அகலமுள்ள கீற்றுகளைக் கைவிரலால் மாற்றி மாற்றிக் கோப்பதற்கு 'முடைதல்' என்று பெயர். ஓலைப்பெட்டி முடைகிறோம், கிடுகு முடைகிறோம். ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் பனை இருக்கிற இடமெல்லாம் இந்தக் கைத்திறமையும் இருந்து வந்திருக்கிறது. ஆகவே நமக்குப் புதிது படந்தானே தவிர, முடைவது புதிதல்ல.

இந்தக் கலையை உலகம் அறியச் செய்தவரும் முடைவதை வீட்டிலேதான் கற்றுக்கொண்டார். டின் கியூ. லே என்பவர் 1968-ம் வருஷம் வியட்நாமில், கம்போடிய எல்லையை ஒட்டிய ஹா டியென் என்ற ஊரில் பிறந்தார். அவருடைய அத்தை கோரைப் பாய் முடைவார். சிறு பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டான். 1978-ல் கம்போடியாவின் கெமர் ரூஜ் படைகள் எல்லை தாண்டித் தாக்கியபோது குடும்பம் ஊரை விட்டு ஓடிற்று. தாய்லாந்து வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே கல்லூரியில் போட்டோக் கலை பயின்ற லே, படங்களைக் கீற்றாக நறுக்கி, அத்தை பாய் முடைந்த விதத்தில் முடையத் தொடங்கினார்.

திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்கு இதைப் படித்ததும் பத்தமடை ஞாபகம் வராமல் போகாது. தாமிரபரணிக் கரைக் கோரையை வெட்டி, கீறி, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, பருத்தி நூல் பாவில் ஊடையாகக் கொடுத்து, பட்டுப் போல் மடிக்கக் கூடிய பாயை அங்கே நெய்கிறார்கள். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையே எழுத்தாக நெய்து கொடுக்கிறார்கள். எழுத்தைப் பாயில் நெய்யத் தெரிந்தவர்களுக்குப் படத்தைப் பாயாக முடைவது எட்டாத வித்தையா?

லே முடைந்த படங்களில் மிகவும் பேசப்பட்டவை கம்போடியாவைப் பற்றியவை. ஒரு பக்கம், அங்கோர் கோயில்களின் கற்சிற்பங்கள். மறுபக்கம், பினாம் பென் நகரத்தில் டூல் ஸ்லெங் என்ற சிறையில் கைதிகள் உள்ளே வந்தபோது எடுக்கப்பட்ட முகப் படங்கள். 1975 முதல் 1979 வரை அந்தச் சிறைக்குள் போன 10,000-க்கு மேற்பட்டவர்களில் உயிரோடு திரும்பியவர்கள் மிகச் சிலர். கல்லில் செதுக்கிய தேவமாதரும் சாகப் போகும் மனிதரும் ஒரே பாயில் கலந்து நிற்கிறார்கள். அங்கோரை மட்டும் காட்டியிருந்தால் அது யாத்திரிகர் வாங்கும் அழகிய படம். சிறையை மட்டும் காட்டியிருந்தால் நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்போம். இரண்டையும் முடைந்ததனால், அந்தக் கோயிலைக் கட்டியதும் இந்தச் சிறையை நடத்தியதும் ஒரே தேசம் என்ற உண்மை நம் கண்ணை விட்டு அகல மறுக்கிறது.

பிற்பாடு லே தாய்நாட்டுக்கே திரும்பி, ஹோ சி மின் நகரத்தில் குடியேறினார். அங்கே பழைய சாமான் கடைகளில், யார் யாரோ விட்டுச் சென்ற குடும்பப் போட்டோக்களை வாங்கினார். ஓடி வந்தபோது தம் வீட்டில் விட்டுவந்த படங்கள் அந்தக் குவியலில் எங்கேயாவது அகப்படுமா என்ற நப்பாசை. வாங்கிய படங்களை நூலால் கோத்துப் பெரிய திரையாகத் தொங்கவிட்டார். 2007-ல் அந்நகரத்து இளங் கலைஞர்களுக்காக நண்பர்களுடன் சேர்ந்து 'சான் ஆர்ட்' என்ற கலைக்கூடம் அமைத்தார். 2024 ஏப்ரலில் காலமானார்.

மனித முகத்தை விட்டுவிட்டு, பூமியின் முகத்தையே எடுத்துக்கொண்டு முடைகிறவரும் உண்டு. அமெரிக்காவின் ஆதிகுடிகளில் சிட்டிமாஷா, சாக்டா என்ற இரண்டு வம்சங்களின் வழி வந்த சாரா சென்ஸ் என்ற பெண்மணி அவர். சிட்டிமாஷா ஜனங்கள் லூசியானா நாட்டின் நாணற் பிரம்பைக் கீறிக் கூடை முடைவதில் பேர் பெற்றவர்கள். அந்தக் கூடைகளின் கட்டங்களையும் கோலங்களையும் அப்படியே எடுத்துக்கொண்டு, தம் முன்னோர் வாழ்ந்த நிலத்தின் போட்டோக்களைக் கீற்றாக்கி முடைகிறார். பாவுக்கு நிலத்தின் படம். ஊடைக்கு எது தெரியுமா? அந்த நிலத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வெள்ளைக்காரர் வரைந்த பழைய தேசப்படங்கள்! லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள தேசப்படங்களின் பிரதிகளையும் அவர் இப்படி நறுக்கி முடைந்திருக்கிறார். எந்தக் காகிதத்தின் பலத்தில் நிலம் பறிபோயிற்றோ, அந்தக் காகிதத்தைப் பாட்டியின் கூடைக் கோலத்துக்குள் அடக்கிவிடுகிறார். கோபத்தை இவ்வளவு அமைதியாகச் சொல்ல முடியுமா என்று ஆச்சரியமாயிருக்கிறது.

இந்த இடத்தில் நேயர்கள் நம்மோடு ஓட்டப்பிடாரத்துக்குத் திரும்பி வரவேண்டும். ஏனெனில், தேசப்படத்துக்கும் பூமிக்கும் நடந்த சண்டை அங்கேயும் உண்டு.

ஓட்டப்பிடாரத்துக்கு அருகிலேயே இருக்கிறது பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். கோட்டை இடிக்கப்பட்டது. 1801-ல் அவன் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, சில நாட்களுக்குள் அதே இடத்தில் மண்கோட்டையை மறுபடி எழுப்பினான். அவ்வருஷம் மே மாதத்தில் அதுவும் வீழ்ந்தது. அதற்குப் பிறகு கோட்டை நின்ற நிலத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்றும், ஊரின் பெயரையே தஸ்தாவேஜுகளிலிருந்து எடுத்துவிடும்படி உத்தரவாயிற்று என்றும் சொல்லப்பட்டு வருகிறது. மண்ணைப் பிடித்தவன் பெயரையும் பிடித்துக்கொண்டான்!

இப்போது அங்கே 1974-ல் அரசாங்கம் கட்டிய நினைவுக் கோட்டை நிற்கிறது. பழைய அரண்மனையின் அடித்தளமும், போரில் மாண்ட வெள்ளைக்காரர்களின் கல்லறைகளும் இருக்கின்றன. ஆனால் நினைவுக் கோட்டைக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு படம் எடுத்தால், நாம் முதலில் சொன்ன அதே படந்தான் கிடைக்கும்: பாதி கறுப்பு, பாதி வெளுப்பு, நடுவே ஒரு கோடு. போட்டோக் கலை உலகத்துக்குத் தெரிந்ததே 1839-ல். அதற்கு 38 வருஷங்களுக்கு முன்பே கோட்டை மண்ணோடு மண்ணாகிவிட்டது. கட்டபொம்மனின் முகத்தையோ கோட்டையின் முகத்தையோ எந்தப் போட்டோப் பெட்டியும் பார்த்ததில்லை. இனிப் பார்க்கப் போவதும் இல்லை. நிலத்தின் படம் மட்டும் அந்தக் கதையைச் சொல்லாது. காகிதத்துத் தேசப்படம் மட்டும் சொன்னால் அது வென்றவன் கதையாகிவிடும். இரண்டையும் முடைந்தால்? கும்பினி காலத்துத் தேசப்படத்தின் கோடுகளுக்கு இடையே, கீற்றுக்குக் கீற்று, உழுத கரிசல் தலைகாட்டும். மறைக்கப்பட்டது எது, மறைத்தது எது என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூடக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

ஓட்டப்பிடாரத்துக்கு இன்னொரு ஜோடிப் படமும் உண்டு. 1872-ல் அவ்வூரில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தூத்துக்குடியில் ஸ்தாபித்து, கொழும்புக்குக் கப்பல் விட்டார். 1908-ல் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளருக்காக நின்றார். அதே வருஷம் சிறை சென்றார். 1912 டிசம்பரில் விடுதலையானார். இந்த ஜீவியத்தைப் படமாக்கச் சொன்னால் நாம் செக்கையோ கப்பலையோதான் வரைகிறோம். அதற்கு முன்பு, கரிசல் காட்டுப் பையன் ஒருவனுக்குக் கடல்மேல் ஏன் ஆசை வந்தது என்று யோசிக்க வேண்டாமா? அந்தக் காட்டில் விளைந்த பருத்திதான் வண்டி வண்டியாய்த் தூத்துக்குடித் துறைக்குப் போயிற்று. அன்னியர் கப்பலில் ஏறிற்று. காட்டுக்கும் கடலுக்கும் இடையே ஓடியது பருத்தி நூல். ஓட்டப்பிடாரத்துப் பருத்திக் காட்டை ஒரு படமும் தூத்துக்குடிக் கடலை ஒரு படமும் எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் அடிவானம் ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல் ஒரே நேர்கோடு. இரண்டையும் முடைந்தால் கோடும் கோடும் சேர்ந்துகொள்ளும். உழவு சாலும் அலையும் கலந்துவிடும். சிதம்பரம் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான படம் நமக்குத் தோன்றவில்லை.

யாரேனும் ஆட்சேபிக்கலாம். "இது என்ன பெரிய காரியம்? கம்ப்யூட்டரில் இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒரு நிமிஷத்தில் கலந்துவிடுமே?" என்று. கலந்துவிடும், வாஸ்தவம். அதுதான் குறையும். கம்ப்யூட்டரில் கலந்த படம், பாலில் தண்ணீர் கலந்தது போல. எது எது என்று பிரிக்க முடியாது. முடைந்த படத்திலோ ஒவ்வொரு கீற்றும் தன் தனித்தன்மையை விடுவதில்லை. மேலே வந்தது எது, கீழே போனது எது என்று கண் கண்டுகொள்கிறது.

ஒட்டு வேலை போட்டோவுக்குப் புதிதுமல்ல. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரி சென்னை ராஜதானியின் அரசாங்கப் போட்டோக்காரராகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டு அவருடைய பெட்டியின் ஒரு பார்வைக்குள் அடங்கவில்லை. 21 படங்கள் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். நம் ஊர் ஸ்டூடியோக்காரர்களும் சளைத்தவர்கள் அல்லர். தனித்தனியே எடுத்த தாத்தா படத்தையும் பாட்டி படத்தையும் வெட்டி ஒட்டி, சேர்ந்து உட்கார்ந்து படமே எடுத்துக்கொள்ளாத தம்பதிகளைச் சுவரில் சேர்த்து வைத்தவர்கள் அவர்கள். ஆனால் இவர்களுடைய சாமர்த்தியமெல்லாம் ஒட்டுத் தெரியாமல் செய்வதில் இருந்தது. முடைகிறவருடைய நேர்மையோ ஒட்டைத் தெரியக் காட்டுவதில் இருக்கிறது.

வீட்டிலே செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் பழகப் போட்டோவே வேண்டாம். பழைய காலண்டர் தாள் போதும். கோவில்பட்டி வட்டாரத்துக்கு இது மிகவும் பொருந்தும். காலண்டர் சித்திரத்துக்கே பேர் பெற்ற கொண்டையராஜு (1898-1976) கோவில்பட்டியில் வாழ்ந்து சீடர்களைத் தயாரித்தவர். அச்சுக்குச் சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. சாமி படங்களை நறுக்க மனம் வராது, நறுக்கவும் வேண்டாம். மலையும் ஆறும் தோட்டமும் அச்சிட்ட காலண்டர்கள் எந்த வீட்டிலும் இரண்டு கிடைக்கும்.

பத்தங்குல அகலமும் பன்னிரண்டங்குல உயரமும் உள்ள இரண்டு தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தாளின் பின்புறம் அரையங்குலத்துக்கு ஒரு கோடாக நெடுக்கே கோடு போடுங்கள். மேல் விளிம்பில் அரையங்குலத்தை வெட்டாமல் விட்டு, மற்றதைக் கத்தியால் கீறினால் 20 கீற்றுகள் தொங்கும், அது பாவு. இரண்டாவது தாளைக் குறுக்கே அரையங்குலக் கீற்றுகளாக முழுவதும் வெட்டிவிடுங்கள். 24 கிடைக்கும், அது ஊடை. வெட்டுமுன் பின்புறத்தில் நம்பர் போட மறந்தால், ஆகாசம் தரையிலும் தரை ஆகாசத்திலும் போய்ச் சேரும்! பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாய்க் கோத்து, நெருக்கி, ஓரங்களைப் பின்புறம் பசையிட்டு நிறுத்துங்கள். விளிம்பில் விட்ட அரையங்குலத்துக்காக ஊடையில் ஒரு கீற்று மிஞ்சும், கவலை வேண்டாம்.

கை பழகிய பின்பு, பூமியின் படத்துக்கு வாருங்கள். ஒரே கல்லின்மேல் நின்று, ஒரே உயரத்தில் பெட்டியைப் பிடித்து, கார்த்திகையில் ஒன்றும் வைகாசியில் ஒன்றுமாக எடுங்கள். செல்போனில் எடுத்தாலும் பாதகமில்லை. இரண்டிலும் அடிவானம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டியதே முக்கியம். இன்னொன்றும் மிக முக்கியம்: குடும்பத்தில் வழிவழி வந்த பழைய போட்டோவை ஒருபோதும் வெட்டாதீர்கள். அதற்குப் பிரதி எடுத்து, பிரதியை வெட்டுங்கள். மூலம் பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும். வீட்டில் விட்டுவந்த படத்தைக் கடை கடையாகத் தேடி அலைந்தவர் ஒருவரைப் பற்றி இப்போதுதான் படித்தோம்.

முடையும்போது இன்னொரு விஷயம் தானாகவே புலப்படும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று சாதாரணமாக முடைந்தால், ஒவ்வொரு படத்திலும் சரிபாதி மறைந்துபோகும். ஊடையை இரண்டு பாவுக்கு மேலும் ஒன்றுக்குக் கீழும் விட்டால், ஊடையில் மூன்றில் இரண்டு பங்கு தெரியும். பாவில் ஒரு பங்குதான் தெரியும். பச்சை அதிகம் தெரிய வேண்டுமா, வெடிப்பு அதிகம் தெரிய வேண்டுமா? தேசப்படமா, நிலமா? ஒவ்வொரு கீற்றிலும் விரல் தீர்மானிக்க வேண்டும். எதையும் மறைக்காமல் எதையும் காட்ட முடியாது என்பதைச் சரித்திரப் புஸ்தகங்கள் ஒப்புக்கொள்வதில்லை. இந்தப் பாய் ஒவ்வொரு கட்டத்திலும் ஒப்புக்கொள்கிறது.

கரிசல் பூமிக்கு எழுத்திலே குறைவு வரவில்லை. கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அந்த மண்ணின் பேச்சையும் பசியையும் தமிழுக்குத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சித்திரத்தில்தான் கடன் பாக்கி நிற்கிறது. பூமியோ மாறிக்கொண்டே போகிறது. கயத்தாற்றுப் பக்கம் காற்றாடி யந்திரங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கம்பு விளைந்த இடத்தில் சூரிய மின்தகடுகள் கிடக்கின்றன. தரிசான இடமெல்லாம் சீமைக் கருவேல் மண்டிவிட்டது. இவற்றில் நல்லது எது, கெட்டது எது என்று தீர்ப்புச் சொல்வது இந்தப் பக்கத்தின் வேலை அல்ல. இன்று தெரியும் கரிசல் நாளைக்குத் தெரியாது என்பது மட்டும் நிச்சயம்.

ஆகையால், ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி முதலிய ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்கு நம்முடைய வேண்டுகோள் இதுதான். வருஷத்துக்கு இரண்டு நாள், கார்த்திகையில் ஒன்றும் வைகாசியில் ஒன்றுமாகப் பிள்ளைகளை ஒரே காட்டுக்கு அழைத்துப் போங்கள். படம் எடுக்கச் சொல்லுங்கள். ஓலைப்பெட்டி முடையத் தெரிந்த பாட்டி ஒருத்தியை வகுப்புக்கு வரவழைத்து, பிள்ளைகளின் கையில் கீற்றைக் கொடுங்கள். அதற்கு ஆகும் செலவு கொஞ்சம் காகிதமும் பசையுந்தான். அப்படிப் பத்து வருஷம் முடைந்த படங்களைப் பள்ளிக்கூடச் சுவரில் வரிசையாக மாட்டி வைத்தால், "இதிலே என்ன இருக்கிறது?" என்று கேட்கும் பட்டணத்து உறவினருக்கு யாரும் பதில் சொல்லவேண்டிய அவசியமே இராது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். பிறகு, காட்டைப் பார்க்க எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்பார்.